களை மண்டிய பக்கவாட்டு நிலம்: அம்மாவும் பிள்ளைகளும் உட்கார ஓர் இடமாக்க வேண்டும்

மல்லிகைப்பந்தல் | ஜூலை 6, இரவு 10.20

வணக்கம். சிங்கப்பூரில் செலேத்தார் பக்கத்தில் ஒரு பழைய வரிசை வீட்டுக்கு நாங்கள் குடிவந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. வரிசையில் கடைசி வீடு. அதனால் பக்கவாட்டில் 5 மீட்டர் அகலம், 11 மீட்டர் நீளத்துக்கு வெறும் நிலம் கிடைத்தது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் பன்னிரண்டாம் மாடியில் வளர்ந்தவள் நான். கையிருப்பை எல்லாம் போட்டு இந்த வீட்டை வாங்கியதற்கு அந்த நிலம்தான் காரணம்.

இன்று அந்தப் பக்கக் கதவைத் திறக்கவே மனம் வரவில்லை. முழங்கால் உயரத்துக்குக் களை. கோரை, தொட்டாற்சுருங்கி, மஞ்சள் பூப் பூத்துத் தரையோடு படரும் ஒரு கொடி, பெயர் தெரியாத இன்னும் பத்து வகை. மழை பெய்தால் நடுவில் குட்டை கட்டிக்கொள்கிறது. சென்ற வாரம் என் ஆறு வயது மகன் பந்தை எடுக்க உள்ளே போய், கால் முழுவதும் கீறலோடு வந்தான்.

அம்மாவுக்கு 71 வயது, நீரிழிவு உண்டு. மாலையில் காற்றாட உட்கார அவருக்கு ஓர் இடம் வேண்டும். மகளுக்கு ஒன்பது வயது. பள்ளி விட்டு வந்தால் திரையை விட்டு எழுவதே இல்லை. முழுவதையும் சிமெண்ட் போட்டு மூடிவிடலாம் என்கிறார் கணவர். கறிவேப்பிலையும் முருங்கையும் வைக்க வேண்டும் என்கிறார் அம்மா. தரை முழுவதும் கல் பதிக்க ஓர் ஒப்பந்தக்காரர் 9,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கேட்டார். எங்களால் முடிந்தது 4,000 வெள்ளி. எங்கிருந்து தொடங்குவது?

கிழக்குவாசல் | ஜூலை 6, இரவு 11.05

உங்கள் கணவர் சொல்வது சரி. நாங்களும் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். மூன்று ஆண்டுகள் புல்லோடு போராடினோம். இந்த ஊரில் புல் இரண்டு வாரத்தில் கணுக்கால் உயரம் வளர்ந்துவிடும். சனிக்கிழமை முழுவதும் அதற்கே போனது. கடைசியில் கல் பதித்தோம். இப்போது பிள்ளைகள் அதில் சைக்கிள் ஓட்டுகிறார்கள், நாங்கள் நாற்காலி போட்டு உட்காருகிறோம். தோட்டம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகளோடு இருக்க வேண்டிய நேரத்தைத் தோட்டம் தின்றுவிட்டால் யாருக்காக அந்தத் தோட்டம்?

மண்வெட்டி | ஜூலை 7, காலை 6.40

மகளே, இன்னும் ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காதீர்கள்.

என் தந்தை செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். குடியிருப்புக்குப் பின்னால் அவர் வைத்திருந்த நாலு பாத்தியில்தான் நான் மண்ணைப் படித்தேன். அவர் எந்த நிலத்தையும் வெட்டுவதற்கு முன், அதில் என்ன முளைத்திருக்கிறது என்று பார்ப்பார். நீங்கள் எழுதியதிலேயே உங்கள் நிலத்தின் நாடி தெரிகிறது. கோரை இருந்தால் அங்கே ஈரம் தங்குகிறது. தொட்டாற்சுருங்கி இருந்தால் மண் இறுகிச் சத்துக் குறைந்து கிடக்கிறது. மஞ்சள் பூக்கொடி என்பது வெடேலியாவாக இருக்கும். அதை யாரோ ஒரு காலத்தில் அழகுக்காக நட்டிருப்பார்கள். கணுவுக்குக் கணு வேர் விடும், ஒரு துண்டு விழுந்தாலும் பிழைத்துக்கொள்ளும். அதைப் பிடுங்கினால் உடனே பையில் போட்டுக் கட்டுங்கள், ஓரமாகக் குவித்து வைக்காதீர்கள்.

கோரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பார்க்கப் புல் போல இருக்கும், ஆனால் அடியில் கிழங்கு. ஒரு கிழங்கிலிருந்து நூல் போல வேர் ஓடி அடுத்த கிழங்கு, அதிலிருந்து அடுத்தது. மண்வெட்டியால் கொத்தினால் அந்தச் சங்கிலி அறுந்து ஒவ்வொரு கிழங்கும் தனிச் செடியாகும். களை விரிப்பு என்று கடையில் விற்கும் கறுப்புத் துணியையும் அது ஊசி போலத் துளைத்துக்கொண்டு வரும். அதைத் தோற்கடிக்க இரண்டே வழிகள்தான் எனக்குத் தெரியும். தலை நீட்டும்போதெல்லாம் வெட்டிக்கொண்டே இருப்பது ஒன்று. நிழல் கொடுப்பது இன்னொன்று. நிழலில் கோரை மெலிந்துவிடும். மேலே அடர்ந்து வளரும் செடியை நட்டுவிட்டால் பாதி வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

முதல் வேலை: களையைக் கணுக்கால் உயரத்துக்கு வெட்டுங்கள், பிடுங்க வேண்டாம். பிறகு மூன்று நல்ல மழைக்குக் காத்திருங்கள். குடையோடு வெளியே நின்று, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். குட்டையின் ஓரத்தில் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். இடி இடித்தால் உள்ளே போய்விடுங்கள்.

நீர்வழி | ஜூலை 7, மதியம் 1.15

வடிகால் வேலையில் 26 ஆண்டுகள் இருந்தவன். மண்வெட்டி ஐயா சொன்னதை நான் கணக்காகச் சொல்கிறேன்.

உங்கள் நிலம் 55 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டும் மழை நம் ஊரில் அபூர்வம் இல்லை. அப்படி ஒரு மழை பெய்தால் உங்கள் நிலத்தில் மட்டும் 2,750 லிட்டர் தண்ணீர் விழுகிறது. கூரையிலிருந்து வழிவது இதில் சேரவில்லை. ஆண்டு முழுவதும் சேர்த்தால் சிங்கப்பூரில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. இங்கே கோடைக்காலம் என்று ஒன்று தனியாக வந்து நிலத்தைக் காய வைக்காது. ஆகவே நீருக்கு வழி சொல்லாத எந்தத் திட்டமும் ஆறு மாதம் தாங்காது, கல்லானாலும் புல்லானாலும்.

வீட்டைச் சுற்றி ஓடும் சிறு சாக்கடையை முதலில் சுத்தம் செய்து பாருங்கள். பல வீடுகளில் குட்டைக்குக் காரணம், சாக்கடை விளிம்பைவிட நிலம் தாழ்ந்திருப்பது, அல்லது விளிம்பில் மண் மேடு கட்டித் தண்ணீரை மறிப்பது. அப்படியானால் செலவே இல்லை. இல்லாவிட்டால் நிலத்தின் குறுக்கே 30 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு கால்வாய் வெட்டி, வடிகட்டும் துணி விரித்து, கூழாங்கல் நிரப்பி, சாக்கடை வரை சரிவாகக் கொண்டுபோங்கள். மண் கரைந்து சாக்கடையில் இறங்கக் கூடாது. நிலத்தில் கழிவுநீர்த் தொட்டியின் மூடி எங்காவது இருக்கிறதா என்றும் தேடுங்கள். அதன் மேல் கல்லோ மண்ணோ போட்டு மூடக் கூடாது. குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாமல் ஆழமாக வெட்டவும் கூடாது.

இன்னொன்று. களைக்கொல்லி தெளிக்க யாராவது சொல்வார்கள். சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. உங்கள் வீட்டுச் சாக்கடை நீர் பெரிய கால்வாய்க்கும், அங்கிருந்து நீர்த்தேக்கத்துக்கும் போகக்கூடியது. மழைக்கு முன்னால் மருந்து தெளிப்பவர் அதை நம் எல்லோருடைய குடிநீரின் பாதையில் ஊற்றுகிறார். உப்புக் கரைசலும் வேண்டாம். களையோடு மண்ணும் கெட்டுப்போகும்.

வெள்ளைச்சீருடை | ஜூலை 7, இரவு 9.30

நான் தாதி. அம்மாவுக்கு நீரிழிவு என்று எழுதியிருந்ததால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

நம் வட்டார மண்ணிலும் சேற்று நீரிலும் மெலியாய்டோசிஸ் என்ற நோயை உண்டாக்கும் பாக்டீரியா இருக்கிறது. தோலில் உள்ள சிறு வெட்டு வழியாக அது உடலுக்குள் புகும். கன மழைக்குப் பிறகு ஆபத்து கூடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு அது கடுமையாக வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் கீறல் பட்டதே அவர்களுக்குத் தெரியாது. தயவுசெய்து அம்மாவை வெறுங்காலோடு அந்த மண்ணில் இறங்க விடாதீர்கள். முழங்கால் வரை வரும் ரப்பர் காலணி, கையுறை இரண்டும் கட்டாயம். காயம் இருந்தால் நீர் புகாத கட்டுப் போட்ட பிறகே வேலை. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிறகு காய்ச்சல் வந்தால், மருத்துவரிடம் தோட்ட வேலை செய்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மண்ணில் வேலை செய்வது முதியவர்களுக்கு நல்லது என்பதை நான் தினமும் பார்க்கிறேன். பயமுறுத்த இதை எழுதவில்லை. இடுப்பு உயரத்தில் ஒரு பாத்தி கட்டிக் கொடுத்தால் குனியவும் வேண்டாம், சேற்றில் நிற்கவும் வேண்டாம்.

மல்லிகைப்பந்தல் | ஜூலை 21, இரவு 11.50

எல்லோருக்கும் நன்றி. முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று மழைக்குக் காத்திருக்கச் சொன்னீர்கள். நான் காத்திருக்கவில்லை.

பிள்ளைகளின் ஆசையைப் பார்த்து அவசரப்பட்டுவிட்டேன். ஒருவரை அழைத்துக் களையைச் சுரண்டி எடுத்து, மேலே மண் கொட்டி, பாளம் பாளமாகப் புல் விரித்தோம். 1,150 வெள்ளி. இரண்டு நாள் பச்சைக் கம்பளம் போல இருந்தது. மூன்றாம் நாள் விடியற்காலையில் சூறைக்காற்றோடு வந்த மழையில் நடுப்பகுதி முழுவதும் நீரில் மூழ்கியது. புதிய மண் சேறாகிப் புல் பாளங்கள் மிதந்தன. நான்கு நாள் நீர் வடியவே இல்லை. புல் அழுகி நாற்றம் எடுத்தது. நேற்று அந்த அழுகலின் நடுவே ஈட்டி ஈட்டியாகக் கோரை எழுந்து நின்றதைப் பார்த்து அழுதுவிட்டேன்.

வேலை செய்தவரைக் குறை சொல்ல மாட்டேன். தண்ணீர் நிற்கும் என்பதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. கையில் 2,850 வெள்ளி மிச்சம் இருக்கிறது.

கிழக்குவாசல் | ஜூலை 22, காலை 7.55

படித்து வருத்தப்பட்டேன். மறுபடியும் சொல்கிறேன், மிச்சப் பணத்தில் பாதி இடத்துக்காவது கல் பதித்துவிடுங்கள். உங்கள் அம்மா நடக்கும் இடம் வழுக்காமல், சமமாக, காய்ந்து இருக்க வேண்டும். முதியவர் ஒருவர் ஈரப்புல்லில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததை எங்கள் குடும்பத்திலேயே பார்த்துவிட்டோம். அதனால்தான் இதில் நான் விடாப்பிடியாக இருக்கிறேன்.

மண்வெட்டி | ஜூலை 22, காலை 9.10

நடப்பதற்குக் கல் வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. 55 சதுர மீட்டரையும் மூடுவதைத்தான் எதிர்க்கிறேன். வெயில் குடித்த கல் இரவு எட்டு மணி வரை அனல் கக்கும். மாலையில் காற்றாட உட்கார வேண்டிய அம்மாவுக்கு அந்தச் சூடா? அதோடு 2,750 லிட்டர் நீரும் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் சாக்கடைக்கே ஓட வேண்டியிருக்கும்.

மகளே, அழாதீர்கள். ஒரே மழையில் உங்கள் நிலம் தன் வரைபடத்தை உங்களுக்குக் காட்டிவிட்டது. நீர் நின்ற இடத்தின் ஓரத்தில் இன்றே குச்சி நடுங்கள்.

கிழக்குவாசல் | ஜூலை 22, இரவு 8.40

அனல் உண்மைதான், ஐயா. நாங்கள் ஏழரை மணிக்கு மேல்தான் உட்காருகிறோம். இடைவெளி விட்டுப் பதிக்கும் கல், நடுவில் ஜல்லி என்றால் நீரும் இறங்கும், விலையும் குறையும். அதை யோசிக்கலாம்.

நிழற்கோல் | ஜூலை 24, மாலை 5.20

எல்லோரும் நீரைப் பற்றியே பேசுகிறீர்கள், வெயிலை யாரும் கேட்கவில்லை. நிலம் வீட்டுக்கு எந்தத் திசையில் இருக்கிறது?

மல்லிகைப்பந்தல் | ஜூலை 24, இரவு 10.00

மேற்கே. வீடு இரண்டு மாடி.

நிழற்கோல் | ஜூலை 25, காலை 8.30

அப்படியானால் காலையில் வீட்டு நிழல், பிற்பகலில் நேர் வெயில். நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் டிகிரி வடக்கே இருக்கிறோம். மார்ச்சிலும் செப்டம்பரிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலையில் நிற்கும். ஜூனில் வடக்கே சாயும், டிசம்பரில் தெற்கே சாயும். எந்த மாதமானாலும் நண்பகலில் இரண்டு மாடிச் சுவரின் நிழல் ஏறத்தாழ மூன்று மீட்டருக்கு மேல் நீளாது. வெளிநாட்டுத் தோட்டப் படங்களைப் பார்த்துத் தெற்குப் பக்கம் வெயில், வடக்குப் பக்கம் நிழல் என்று திட்டம் போடுவது இங்கே செல்லாது. நம் நண்பகலே கடிகாரத்தில் ஒரு மணிக்குத்தான் வருகிறது, அஸ்தமனம் ஏழு மணியளவில். நமக்குப் பகை மூன்றிலிருந்து ஆறு மணி வரை பக்கவாட்டில் அடிக்கும் மேற்கு வெயில்தான். தலைக்கு மேலே கூரை போட்டால் அது நிற்காது. மேற்கு வேலி ஓரத்தில் நின்ற வாக்கில் நிழல் வேண்டும். ஒரு கம்பிப் பந்தலில் சங்குப்பூவோ பாகற்கொடியோ ஏற்றினால் மூன்று மாதத்தில் திரை தயார்.

நிலையான கூரை போட நினைத்தால், அனுமதி தேவையா என்று முதலில் நகரச் சீரமைப்பு ஆணையத்திடமும் கட்டட, கட்டுமான ஆணையத்திடமும் கேட்டுவிடுங்கள்.

கீழ்மாடி | ஜூலை 25, இரவு 9.15

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் வீவக தரைத்தள வீட்டில் இருக்கிறேன். சன்னலுக்கு வெளியே இதே போல ஒரு களைத் துண்டு. அதை நான் சீர் செய்யலாமா?

நீர்வழி | ஜூலை 25, இரவு 10.05

அது பொது நிலம். நகர மன்றத்திடம் எழுதிக் கேட்காமல் ஒரு செடிகூட வைக்காதீர்கள். பக்கத்து வீட்டார் சிலரையும் சேர்த்துக்கொண்டு போனால், தேசியப் பூங்காக் கழகத்தின் கம்யூனிட்டி இன் புளூம் திட்டத்தின் கீழ் சமூகத் தோட்டமாகக் கேட்டுப் பார்க்கலாம். 2005 முதல் நடக்கிறது. தனியாகத் தோட்டம் போட ஆசை என்றால் பூங்காக்களில் வாடகைப் பாத்திகள் இருக்கின்றன. ஒன்று 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். வீட்டுக்கு அருகே உள்ள பூங்காவில் எப்போது காலியாகும் என்று பாருங்கள்.

மல்லிகைப்பந்தல் | செப்டம்பர் 14, இரவு 9.45

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். இந்த முறை சொன்னதைக் கேட்டோம்.

சாக்கடை விளிம்பில் ஒரு சாண் உயரத்துக்கு மண் மேடு கட்டியிருந்தது. அதை வெட்டியதுமே குட்டை பாதியாகக் குறைந்தது. மீதிக்கு நீர்வழி அண்ணன் சொன்னபடி கூழாங்கல் கால்வாய். கணவரும் நானும் நான்கு ஞாயிற்றுக்கிழமை வெட்டினோம். ஒரு முழத்துக்குக் கீழே செங்களிமண், பானை செய்யலாம் போல இருக்கிறது. மண்வெட்டி பட்டால் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதில் சுட்ட மண், மட்கு, தென்னை நார்க்கழிவு, உமிக்கரி எல்லாம் கலந்தோம். சுங்கை தெங்கா பக்கத்து நாற்றங்காலில் மூட்டை மூட்டையாக வாங்கி வந்தோம். களை மேல் அட்டைப் பெட்டிகளை விரித்து, ஒரு சாண் மட்கு போட்டு மூடினோம். கறையான் வரும் என்று பக்கத்து வீட்டுப் பாட்டி எச்சரித்ததால், வீட்டுச் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளியே விரித்தோம். கோரை மட்டும் அட்டையையும் துளைத்தது. காலையில் பல் துலக்கிக்கொண்டே மகள் எண்ணி வெட்டுகிறாள். முதல் வாரம் 212. இந்த வாரம் 60.

சமையலறைக் கதவிலிருந்து நிலத்தின் நடு வரை 3 மீட்டருக்கு 3 மீட்டர் இடைவெளிவிட்ட கல் பதித்தோம். இதற்குக் கிழக்குவாசல் அண்ணனுக்குத்தான் நன்றி. அம்மாவின் சக்கர நடைச்சட்டம் அதில் தடங்கல் இல்லாமல் போகிறது. இடுப்பு உயரப் பாத்தி ஒன்று கட்டிக் கொடுத்தோம். வெந்தயக் கீரை, புதினா, சிறு மிளகாய். கையுறை போடாமல் தொடுவதில்லை என்று பேரப்பிள்ளைகள் முன் சத்தியம் செய்திருக்கிறார்.

இதுவரை 2,300 வெள்ளி. இப்போது இரண்டு கேள்விகள். மாலையில் கொசு தாங்க முடியவில்லை. மகன் மீன் குளம் கேட்கிறான்.

வெள்ளைச்சீருடை | செப்டம்பர் 15, காலை 6.15

கொசுதான் நம் ஊரில் எல்லாவற்றையும்விட முக்கியம். 2020இல் மட்டும் இங்கே 35,000 பேருக்கு மேல் டெங்கி வந்தது. ஏடிஸ் கொசு முட்டையிட 20 காசு நாணயம் அளவு தண்ணீர் போதும். ஏழு நாளில் முட்டை கொசுவாகிவிடும். ஆகவே வாரத்தில் இரண்டு நாள் குறித்துக்கொண்டு, தொட்டித் தட்டுகளைக் கவிழ்த்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும், ஊற்றிவிட்டால் மட்டும் போகாது. தொட்டி மண் இறுகி மேலே நீர் நின்றால் கிளறிவிடுங்கள். கூரைத் தகரக் கால்வாய், வாளி, விளையாட்டுச் சாமான், துணி காய வைக்கும் கம்பின் வாய், சருகுச் சுருள் எல்லாவற்றையும் பாருங்கள். இலைக்கவட்டில் நீர் தேங்கும் புரோமிலியாட் செடி வேண்டவே வேண்டாம்.

உட்காரும் இடத்தில் பெரிய மின்விசிறி ஒன்று வையுங்கள். கொசு பலவீனமாகப் பறக்கும் பூச்சி, விசிறிக் காற்றை எதிர்த்து வராது. எங்கள் வீட்டில் கொசுவத்தியை நிறுத்திவிட்டோம்.

நீர்வழி | செப்டம்பர் 15, மதியம் 12.40

மீன் குளம் பற்றி: உங்கள் பகுதியில் கால்வாய் ஓடுகிறது. நீர்நாய்கள் கால்வாய் வழியாகக் குடும்பத்தோடு வரும், வீட்டுக் குளத்து மீனை ஒரே விடியலில் தீர்த்துவிட்டுப் போகும். இங்கே பல வீடுகளில் அது நடந்திருக்கிறது. அவற்றின் மேல் தவறில்லை, அது அவற்றின் வழித்தடம். ஆறு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் திறந்த நீர் எனக்குச் சம்மதமில்லை. மூடியுள்ள மணல் தொட்டி கட்டுங்கள். மூடாவிட்டால் பூனைகள் அதைக் கழிப்பிடமாக்கிவிடும்.

சங்குப்பூ | செப்டம்பர் 16, இரவு 8.00

மீனுக்குப் பதில் மகனுக்கு வண்ணத்துப்பூச்சி வளர்த்துக் காட்டுங்கள். நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. எத்தனையோ பிள்ளைகள் இதில் மயங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

அம்மா கேட்ட கறிவேப்பிலையையும், கலமான்சி எலுமிச்சை ஒன்றையும் நடுங்கள். அந்த இனத்துச் செடிகளில்தான் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். சிறு புழு பறவை எச்சம் போலவே இருக்கும், பறவை தின்னாமல் தப்ப அதுவே அதன் வேடம். பிறகு ஒரு நாள் தோலுரித்துப் பச்சையாக மாறும். அந்தக் காலையில் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். கொஞ்சம் இலை போகும், போகட்டும். மருந்து அடிக்காதீர்கள். எருக்கு வைத்தால் இன்னொரு வகை வரும், ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. ஆறு வயதுப் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், அல்லது சில ஆண்டுகள் கழித்து வையுங்கள்.

களை என்று எல்லாவற்றையும் ஒழித்துவிடவும் வேண்டாம். கீழாநெல்லி, குப்பைமேனி, பொன்னாங்கண்ணி எல்லாம் உங்கள் நிலத்தில் இருக்கும். ஒரு மூலையில் விட்டு, பெயர் எழுதிய பலகை வைத்துப் பாட்டியைப் பாடம் எடுக்கச் சொல்லுங்கள். குப்பைமேனி வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனைகள் அதில் புரண்டு விளையாடும்.

மண்வெட்டி | செப்டம்பர் 16, இரவு 9.30

ஆசிரியை சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். முருங்கை வேண்டும் என்று அம்மா கேட்டாரே. நடுங்கள், ஆனால் அதன் கட்டை மென்மையானது, விடியற்காலைச் சூறைக்காற்றில் சட்டென்று முறியும். தலைக்கு மேல் உயர விடாமல் ஆண்டுக்கு இரண்டு முறை வெட்டிவிடுங்கள். பிள்ளைகள் ஊஞ்சலை அதில் கட்டவே கூடாது.

இனிப் புல் வேண்டுமானால், சாலையோரத்தில் பார்க்கும் அகல இலை மாட்டுப்புல் போதும். அரை நிழலையும் மிதியையும் தாங்கும். மணிலாப் புல் அழகு, ஆனால் அதற்கு நல்ல வெயில் வேண்டும்.

மல்லிகைப்பந்தல் | ஜனவரி 17, இரவு 10.10

பொங்கல் முடிந்து எழுதுகிறேன். இந்தப் பருவமழை இரண்டு முறை விடாமல் அடித்தது. இரண்டாம் முறை மூன்று நாள். நான் குடையோடு வெளியே நின்றேன். கூழாங்கல் கால்வாயில் நீர் சலசலவென்று ஓடியது. நின்ற நீர் மழை விட்ட ஒரு மணி நேரத்தில் வடிந்துவிட்டது. மாட்டுப்புல் மஞ்சளாகியிருக்கிறது, ஆனால் வேர் பிடித்துவிட்டது. கோரை இன்னும் இருக்கிறது. வாரத்துக்கு ஏழெட்டு.

மேற்கு வேலியில் சங்குப்பூ திரையாகிவிட்டது. தீபாவளிக்குப் பிள்ளைகள் அந்த நீலத்தின் முன் நின்று மத்தாப்புக் கொளுத்தினார்கள். மகன் எலுமிச்சைச் செடியில் பதினொரு புழு எண்ணினான், நான்கு கூடாயின. ஒன்று இறக்கை விரித்து வெளியே வந்த காலையில் பள்ளிக்குத் தாமதமாகப் போனோம்.

ஒன்று மட்டும் நான் நினைத்தபடி நடக்கவில்லை. கல் தளத்தின் நடுவில், விசிறிக்கு நேரே, அம்மாவுக்கென்று 300 வெள்ளிக்கு ஒரு சாய்வு நாற்காலி வாங்கிப் போட்டேன். அவர் அதில் உட்காரவே இல்லை. தினமும் மாலை ஆறு மணிக்குச் சமையலறைப் படியில், கையில் கீரைத் தட்டோடு உட்கார்ந்துவிடுகிறார். இரண்டு மாதம் அழைத்துப் பார்த்தேன். பிறகுதான் கேட்டேன். படியில் உட்கார்ந்தால் அடுப்பும் தெரிகிறதாம், பிள்ளைகள் மணல் தொட்டியில் விளையாடுவதும் தெரிகிறதாம், சந்துக்கு அப்பால் பக்கத்து வீட்டுப் பாட்டி துணி எடுக்க வந்தால் பேசவும் முடிகிறதாம். அந்தப் பாட்டிக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குச் சீனம் தெரியாது. இருவரும் கம்பத்து (கிராமத்து) மலாயில் ஒரு மணி நேரம் பேசுகிறார்கள்.

சென்ற சனிக்கிழமை கணவர் படிக்குப் பக்கத்திலேயே முதுகு சாய ஒரு மரப்பலகை அடித்து, பிடித்து எழக் கைப்பிடி பொருத்தினார். விசிறியையும் அங்கே மாற்றினோம். சாய்வு நாற்காலியில் இப்போது என் மகள் கால் நீட்டிப் புத்தகம் படிக்கிறாள். பொங்கலன்று கல் தளத்தில் கோலம் போட்டு, சிறிய எரிவாயு அடுப்பில் பானை வைத்தோம். மஞ்சள் கொத்து தேக்கா சந்தையில் வாங்கியது. அடுத்த ஆண்டு நம் மண்ணில் விளைந்ததைக் கட்ட வேண்டும் என்று அம்மா ஒரு கிழங்கை எடுத்து நட்டிருக்கிறார்.

மண்வெட்டி | ஜனவரி 18, காலை 6.30

மஞ்சளை நீர் நிற்காத மேட்டில் நட்டிருக்கிறாரா என்று பாருங்கள் மகளே. எட்டு ஒன்பது மாதத்தில் இலை காய்ந்து சாயும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், அதுதான் அறுவடைக் காலம். பொங்கலுக்குப் பச்சைக் கொத்தாக வேண்டுமென்றால், ஏப்ரல் மே வாக்கில் இன்னும் இரண்டு கிழங்கு நடச் சொல்லுங்கள்.

கிழக்குவாசல் | ஜனவரி 18, இரவு 9.20

மகிழ்ச்சியாக இருக்கிறது. எங்கள் கல் தரை அப்படியேதான் இருக்கும், எங்கள் வாழ்க்கைக்கு அது சரியாக இருக்கிறது. ஆனால் உங்கள் மகனின் பதினொரு புழுவைப் பற்றிப் படித்ததிலிருந்து என் சின்னவள் விடாமல் கேட்கிறாள். பெரிய தொட்டியில் கறிவேப்பிலை வருமா?

மல்லிகைப்பந்தல் | ஜனவரி 18, இரவு 9.55

நன்றாக வரும் அண்ணா. அடியில் துளை இருக்கட்டும், தட்டு வைக்காதீர்கள். எங்கள் செடியின் வேரிலிருந்து மூன்று கன்றுகள் பக்கத்தில் முளைத்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல் வாருங்கள். அம்மா படியில்தான் இருப்பார்.